இறைபுகழ் பாடவும் பயிற்சி வேண்டும்



பாடற்பூசையில் லத்தீன் ஒலித்த காலத்தை நம் முதியோர் அறிவர். அந்நாளிலேயே தமிழிசைக்குத் தொண்டு செய்த கிறிஸ்தவர்கள் இருந்தனர். கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ல் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. மக்களின் மரபு இசைக்கு உரிய மதிப்பு தரச் சொன்ன அச்சங்கம், குருமடங்களிலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இசை கற்பிக்கப்பட வேண்டும் என்றும் பணித்தது. பாட்டின் மொழி மாறினால் மட்டும் போதாது; பாடுவோரையும் பயிற்றுவிக்க வேண்டும் அல்லவா?

தமிழகத்தில் இப்பணிக்கென எழுந்ததே திருச்சியின் கலைக்காவிரி. எஸ்.எம். ஜார்ஜ் அடிகளார் 1977-ல் தொடங்கிய அது, பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதம் ஆகியவற்றை எல்லாச் சமயத்து மாணவரும் அங்கே ஒன்றாய்க் கற்றனர். நற்செய்தி நிகழ்ச்சிகள் பரதமாய் மேடையேறின. பக்திப் பாடல்கள் ஒலிநாடாக்களாய் ஊர்தோறும் சென்றன.

இசைப் பயிற்சியோ பொறுமையைக் கேட்பது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் எனப் படிப்படியாக ஏறிய பின்னரே கீர்த்தனை கைவரும். குரல் சுருதியில் நிற்கவும், கை தாளம் தவறாதிருக்கவும் நாள்தோறும் சாதகம் வேண்டும்.

இன்று நம் கோவில்களில் நிலை என்ன? கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடுகிறது. ஒலிபெருக்கியில் நால்வர் பாட, மற்றோர் வாய்மூடி நிற்கின்றனர். குருக்களாகிய நம்மீதும் குற்றம் உண்டு: கருவி வாங்கினோம், கற்பிக்க ஆசிரியரைத் தேடவில்லை.

ஆகவே பெற்றோரே, இந்த யூபிலியை முன்னிட்டு உங்கள் பிள்ளைகளில் ஒருவரையேனும் முறையாக இசை கற்க அனுப்புங்கள். அரசு பல மாவட்டங்களில் இசைப்பள்ளிகளை நடத்துகிறது. கற்ற பிள்ளை பத்துப் பேருக்குச் சொல்லித்தரட்டும். புதுச்சத்திரம் இறைமக்கள் அனைவரும் ஒரே குரலாய்ப் பாடும் நாளே நமக்கு உண்மையான யூபிலி. இறையாசீர் உங்களோடு இருப்பதாக!