கடைக்கு பில்லிங் மெஷின் வாங்கப் போறீங்களா? பணம் கொடுக்கும் முன் இந்த 8 சோதனைகளைச் செய்து பாருங்க!

போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பேர் போன ஊர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கே நடக்கிறது. சாம்பிள் தட்டு கையில், விலை கம்ப்யூட்டர் திரையில். 2021-ல் இருந்து இடுக்கி மாவட்டம் புற்றடி ஏல மையமும் போடி மையமும் ஒரே நேரலை ஏலத்தில் இணைந்திருக்கின்றன. ஒரு சொடுக்கில் லட்சக்கணக்கில் வியாபாரம் முடிகிறது.

ஆனால் அதே ஊரின் கடைத்தெருவில் பல மளிகைக் கடைகளில் இன்னும் கால்குலேட்டரும் கடன் நோட்டும்தான். "நாமளும் ஒரு பில்லிங் மெஷின் போட்டுடலாம்" என்று நினைக்கும் கடைக்காரரிடம், விற்பனைப் பிரதிநிதி வந்து பத்து நிமிடம் அழகாக டெமோ காட்டிவிட்டுப் போவார். டெமோவில் எல்லாமே வேலை செய்யும். சிக்கல் வருவது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, கூட்டம் நிற்கும்போது.

எதைப் பார்த்து வாங்குவது? இதோ முழு விளக்கம்.

பிஓஎஸ் என்றால் என்ன?

'பாயின்ட் ஆஃப் சேல்' என்பதன் சுருக்கம்தான் பிஓஎஸ். அதாவது, பொருள் கைமாறி பணம் வாங்கும் இடம். நம்ம ஊர் பாஷையில் கல்லாப்பெட்டி. பில் போடுவது, பணம் வாங்குவதைப் பதிவு செய்வது, சரக்கு இருப்பைக் குறைப்பது, வரிக் கணக்கு எடுப்பது ஆகிய நான்கையும் ஒரே இடத்தில் செய்வதுதான் பிஓஎஸ் சிஸ்டம்.

கார்டு தேய்க்கும் மெஷினையும் பலர் 'பிஓஎஸ்' என்றே சொல்கிறார்கள். அது பணம் வாங்கும் கருவி மட்டுமே, சரக்குக் கணக்கு அதற்குத் தெரியாது. விலை கேட்கும்போதே எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

சந்தையில் மூன்று வகை உண்டு. ஒன்று, செல்போனிலேயே ஓடும் ஆப். இரண்டு, பிரிண்டரும் சேர்ந்த கையடக்க ஆண்ட்ராய்டு மெஷின். மூன்று, கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர், தராசு எல்லாம் இணைந்த முழு அமைப்பு. ஒரே ஆள் நடத்தும் பெட்டிக்கடைக்கு மூன்றாவது தேவையில்லை. இரண்டு கவுன்டர் உள்ள கடைக்கு முதலாவது போதாது.

சோதனை 1: நெட்டை அணைத்துவிட்டு பில் போடுங்கள்

ரேஷன் கடையில் 'நெட்வொர்க் இல்லை, அப்புறம் வாங்க' என்ற பதிலைக் கேட்காதவர் குறைவு. தமிழ்நாட்டில் 2017-ல் ஸ்மார்ட் கார்டும், 2020-ல் கைரேகைப் பதிவும் வந்தபோது, மலையடிவாரக் கடைகளில் முதலில் வந்த புகாரே சிக்னல்தான். அரசுக் கடையில் மக்கள் காத்திருப்பார்கள். உங்கள் கடையில் காத்திருக்க மாட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

குரங்கணி, கொட்டகுடி, போடிமெட்டு பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். டெமோ நடக்கும்போதே வைஃபை, டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு 20 பில் போடச் சொல்லுங்கள். பிறகு நெட்டை ஆன் செய்யுங்கள். 20 பில்லும், எண் வரிசை மாறாமல், இரட்டிப்பு ஆகாமல் மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த மெஷின் மலைக்கு ஆகாது.

மின்சாரம் போனால் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், யுபிஎஸ் தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

சோதனை 2: மாலை நேரக் கூட்டத்தில் ஓட்டிப் பாருங்கள்

போடியில் இருந்து தினமும் காலையில் ஜீப்களில் ஏறி பூப்பாறை, சாந்தம்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள் சாயங்காலம்தான் ஊர் திரும்புகிறார்கள். ஒரு ஜீப் வந்து நின்றால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கடைக்கு வருவார்கள்.

எனவே பத்துப் பொருள் உள்ள ஒரு பில்லுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பில் போடுவது விற்பனைப் பிரதிநிதியாக இருக்கக் கூடாது. உங்கள் கடைப் பையனோ, கல்லாவில் உட்காரும் வீட்டம்மாவோ போட வேண்டும். பாதி பில்லில் ஒருவர் 'அண்ணே, எண்ணெய் ஒண்ணு மறந்துட்டேன்' என்று போனால், அந்த பில்லை நிறுத்தி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போட முடிகிறதா என்றும் பாருங்கள்.

சோதனை 3: 50 கிராம் ஏலக்காய், கால் கிலோ பருப்பு

சூப்பர் மார்க்கெட்டுக்காகச் செய்த சில மென்பொருள்கள் பார்கோடு இல்லாத பொருளைக் கண்டால் திணறும். நம் கடைகளில் பாதி சரக்கு மூட்டையில் இருந்து அளந்து கொடுப்பதுதான்.

* கிராம் கணக்கில் தசம எடை போட முடிகிறதா?
* 'நூறு ரூபாய்க்கு ஏலக்காய் கொடுங்க' என்று கேட்டால், தொகையை அடித்ததும் எடை வருகிறதா?
* ஏலத்தைப் பொறுத்து ஏலக்காய் விலை மாறும். காலையில் விலையை மாற்றினால், பழைய விலைக்கு வாங்கிய சரக்கின் கொள்முதல் கணக்கு குழம்பாமல் இருக்கிறதா?
* தராசில் இருந்து எடை நேராக பில்லுக்கு வருகிறதா, கையால் அடிக்க வேண்டுமா?

தராசை இணைத்தாலும், அது எடையளவுச் சட்டப்படி முத்திரை போட்ட தராசாகவே இருக்க வேண்டும். மெஷினோடு இலவசமாக வரும் தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சோதனை 4: வரியை மாற்றிப் பாருங்கள்

2025 செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு எடுத்தது. செப்டம்பர் 22-ம் தேதி அமலுக்கு வந்தது. இடையில் 19 நாட்கள்தான். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நெய்யும் வெண்ணெயும் 12-ல் இருந்து 5 ஆகின. கடையில் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு ஒரே இரவில் வரி மாற்ற வேண்டிய நிலை.

அதனால் டெமோவில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: ஒரு வகைப் பொருள் அனைத்துக்கும் நாளை தேதியில் இருந்து வரி மாற வேண்டும். ஆனால் போன வார பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் அதில் பழைய வரியே இருக்க வேண்டும். பழைய பில்லிலும் புது வரி வந்தால் அந்த மென்பொருளை நம்பாதீர்கள். ஆடிட்டரிடம் நீங்கள்தான் மாட்டுவீர்கள்.

இன்னொரு நுணுக்கம். 2022 ஜூலை 18-ல் இருந்து, 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வரி. அதே பருப்பை மூட்டையில் இருந்து அளந்து கொடுத்தால் வரி இல்லை. ஆக, ஒரே துவரம்பருப்புக்கு இரண்டு கணக்கு தேவை. மெஷினில் அப்படிப் பிரிக்க முடிகிறதா?

சோதனை 5: கடன் நோட்டு உள்ளே போகுமா?

வாரக் கூலி வந்ததும் தருகிறேன் என்று சரக்கு வாங்கிப் போவது மலையடிவாரத்தில் சாதாரணம். கடன் பதிய முடியாத மெஷின் வாங்கினால், நோட்டு ஒரு பக்கம், மெஷின் ஒரு பக்கம் என்று இரட்டை வேலைதான் மிஞ்சும்.

ஆள் வாரியாகப் பாக்கி, பகுதிப் பணம் வரவு, 'இதுவரை எவ்வளவு' என்று கேட்டால் ஒரு துண்டுச் சீட்டு ஆகிய மூன்றும் வேண்டும். அதற்காக வருகிற எல்லோரிடமும் செல்போன் எண் கேட்கத் தேவையில்லை. பில் போட எண் கொடுத்தே ஆக வேண்டும் என வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியுள்ளது.

சோதனை 6: பில் தமிழில் வருகிறதா?

திரையில் தமிழ் தெரியும், பேப்பரில் கட்டம் கட்டமாக வரும். இது பல பிரிண்டர்களில் உள்ள சிக்கல். 'கருப்பட்டி', 'ஸ்ரீரங்கம் பொடி' போன்ற பெயர்களை அடித்து பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். தெர்மல் பேப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிவிடும் என்பதால், வாரன்ட்டி உள்ள பொருளுக்கு பில்லை வாட்ஸ்அப்பிலும் அனுப்ப முடிந்தால் நல்லது.

சோதனை 7: பில்லை அழித்துப் பாருங்கள்

1879-ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் காசை எடுப்பதைத் தடுக்கத்தான் முதல் கேஷ் ரிஜிஸ்டரை உருவாக்கினார். இன்றும் அந்தத் தேவை மாறவில்லை.

ஒரு பில்லைப் போட்டு, பணம் வாங்கியதாகக் காட்டி, பிறகு அழிக்க முயலுங்கள். தடயமே இல்லாமல் அழிந்தால் அது ஓட்டைக் கல்லா. 'ரத்து' என்று பதிவாகி, யார், எத்தனை மணிக்குச் செய்தார் என்று நிற்க வேண்டும். கடைப் பையனுக்கு ஒரு பாஸ்வேர்டு, முதலாளிக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும்.

சோதனை 8: உங்கள் கணக்கு உங்கள் கைக்கு வருமா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். இதன் விலை என்ன என்பதற்கு பிரிட்டனில் நடந்தது சாட்சி.

அங்கே கிராமத்துத் தபால் நிலையங்களைச் சிறு கடைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள். 1999-ல் அவர்களுக்கு 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறை கொடுக்கப்பட்டது. மென்பொருள் பிழையால் கல்லாவில் பணம் குறைவதாகக் காட்டியது. நிர்வாகம் மெஷினை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. 900-க்கும் அதிகமானோர் திருட்டு, பொய்க் கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில் கோளாறு இருந்ததை 2019-ல் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க அந்தக் கடைக்காரர்களிடம் முழுத் தரவு இல்லை என்பதுதான் அவர்களின் மிகப் பெரிய பலவீனம்.

எனவே எல்லா பில்லும், சரக்குப் பட்டியலும், பாக்கிக் கணக்கும் எக்செல் கோப்பாக உங்கள் பென் டிரைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். சந்தா கட்டாவிட்டால் பழைய கணக்கைத் திறக்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். அதற்குள் மென்பொருள் கம்பெனி மூடிவிட்டாலும் பொறுப்பு உங்களுடையது.

உங்கள் கடைக்கு எந்த பில்?

* பொருள் மட்டும் விற்கும் கடைக்கு, தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலைப் பொருள் விற்றால் இந்தச் சலுகை கிடையாது. அவர்களுக்கு வரம்பு 20 லட்சம்.
* வேறு மாநிலத்துக்கு வரிக்குரிய சரக்கு அனுப்பி விற்றால், விற்றுமுதல் எவ்வளவு குறைவானாலும் பதிவு தேவை. மலை ஏறினால் கேரளா. எஸ்டேட்டுக்கு ஜீப்பில் சரக்கு அனுப்பும் கடைக்காரர்கள் இதை ஆடிட்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.
* விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ளவர்கள் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். வியாபாரிகளுக்கு வரி 1 சதவீதம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. இவர்கள் கொடுக்க வேண்டியது வரி பில் அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. மெஷினில் அந்த வசதி இருக்கிறதா பாருங்கள்.
* உணவுப் பொருள் விற்பவர்கள் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணை பில்லில் அச்சிட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்.

மொத்தச் செலவு எவ்வளவு?

மெஷின் விலையை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று வருடக் கணக்கு போடுங்கள். உதாரணத்துக்கு, மெஷின் 18,000 ரூபாய், ஆண்டுச் சந்தா 6,000, பேப்பர் ரோல் மாதம் 300 என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு 46,800 ரூபாய். அதாவது ஒரு நாளைக்கு சுமார் 43 ரூபாய்.

ஏலக்காய் கிலோ 3,000 ரூபாய் என்றால், தினம் 15 கிராம் கணக்கில் வராமல் போனாலே 45 ரூபாய் நஷ்டம். அந்த மாதிரித் தவறுகள் உங்கள் கடையில் நடக்கிறது என்றால் மெஷின் லாபம். நடக்கவில்லை, வரிப் பதிவும் தேவையில்லை என்றால் நோட்டே போதும், அவசரம் வேண்டாம்.

யுபிஐ மூலம் வங்கிக் கணக்கில் இருந்து வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கமிஷன் கிடையாது. சவுண்ட் பாக்ஸ் வாடகை வேறு கணக்கு, அதை மாதச் செலவில் சேருங்கள். 'எங்கள் மெஷினில் மட்டும்தான் யுபிஐ இலவசம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று

ஒரு வாரம் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த ஏழு நாளும் நோட்டையும் மெஷினையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு இரவும் கல்லாவில் உள்ள பணம், நோட்டுக் கணக்கு, மெஷின் கணக்கு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏழு நாளும் ஒத்துப்போனால் பணம் கொடுங்கள். பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார், தேனியில் இருந்தா, மதுரையில் இருந்தா, இல்லை போனில் மட்டும்தானா என்ற கேள்விக்கும் பதில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்க!