மியூனிக் நகரசபை இயங்குதளம் மாற்றிய சரித்திரம்

ஜெர்மனியின் தென்பகுதியில், ஆல்ப்ஸ் மலைகளுக்குச் சற்று வடக்கே, ஈசர் நதியின் கரையில் அமைந்துள்ள மியூனிக் நகரம், தன் தேவாலயங்களாலும் சித்திரசாலைகளாலும், இலையுதிர் காலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் பெருந்திருவிழாவாலும் உலகப் பிரசித்தி பெற்றது. கணிப்பொறியோடு பழகுகிறவர்கள் அந்நகரத்தை வேறொரு காரணம் பற்றியும் நினைவுகூர்வார்கள். தன் காரியாலயங்களில் இருந்த ஏறக்குறைய 14,000 கணிப்பொறிகளின் இயங்குதளத்தை மாற்றுவதென்று 2003-ஆம் ஆண்டில் தீர்மானம் செய்து, பத்தாண்டுக் காலம் பாடுபட்டு அதை நிறைவேற்றியும் காட்டி, அந்த வெற்றியை அறிவித்து நான்கு ஆண்டுகள் கழிவதற்குள் பழைய தளத்துக்கே திரும்புவதென்று மறுபடியும் தீர்மானம் செய்தது அந்நகரசபை. இவ்விரு தீர்மானங்களுக்கும் இடையில் நடந்தவற்றை நிதானமாகப் பார்ப்போமாயின், வீட்டிலோ காரியாலயத்திலோ இயங்குதளத்தை மாற்ற நினைக்கும் எவருக்கும் பயன்படக்கூடிய பாடம் ஒன்று அதில் அடங்கியிருப்பது விளங்கும்.

இயங்குதளம் என்பது கணிப்பொறியின் மற்றெல்லா மென்பொருள்களையும் தாங்கி நிற்பது. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுசேர்ப்பதும், கோப்பை வட்டில் இன்ன இடத்தில் வைத்தோம் என்று கணக்கு வைத்திருப்பதும், அச்சுப்பொறிக்குக் கட்டளை அனுப்புவதும், ஒரே சமயத்தில் ஓடும் பல நிரல்களுக்கு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதன் பொறுப்பு. ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதையே நாம் நினைப்பதில்லை. மாற்றும்போதுதான் நம் வழக்கங்களில் எத்தனை அதனோடு பிணைந்திருந்தன என்பது தெரிகிறது. புது வீட்டுக்குக் குடிபோனவர், சில நாள் வரையில், இருட்டில் விளக்கின் விசையைப் பழைய வீட்டுச் சுவரின் நினைவிலேயே தடவிக்கொண்டிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். தனி மனிதர் ஒருவருக்கு நேரும் இச்சிரமம் ஒரு மாநகர நிர்வாகத்தின் ஆயிரக்கணக்கான உத்தியோகஸ்தர்களுக்கு நேருமாயின், பிறப்புப் பதிவு முதல் கட்டட அனுமதி வரையில் பிரஜைகள் காத்து நிற்கும் அத்தனை காரியங்களும் தடைப்படக்கூடும். ஆகவே எந்த நிர்வாகமும் இத்தகைய மாற்றத்தை விளையாட்டாக மேற்கொள்வதில்லை. நிர்ப்பந்தம் ஒன்று நேர்ந்தாலன்றி அதைப்பற்றி யோசிப்பதும் இல்லை.

மியூனிக்குக்கு நேர்ந்த நிர்ப்பந்தம் எளிதில் சொல்லத்தக்கது. நகரசபையின் கணிப்பொறிகள் மைக்ரோசாப்ட் ஸ்தாபனம் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் என்டி 4.0 என்ற தளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அத்தளத்துக்குத் தாம் அளித்துவந்த பராமரிப்பை 2004-ஆம் ஆண்டோடு நிறுத்திவிடப் போவதாக அந்த ஸ்தாபனத்தார் அறிவித்தார்கள். பராமரிப்பு நின்றுபோன தளத்தில் புதிதாகத் தோன்றும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. நகரசபை தன் வேலையைப் பொறுத்தவரையில் எந்தக் குறையும் காணாத ஒரு கருவியை, அதை விற்றவரின் கால அட்டவணைக்காக மாற்றியாக வேண்டிய நிலை ஏற்பட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டுமென்றால் எதற்கு மாறுவது என்பதையும் நாமே தீர்மானித்தால் என்ன என்ற கேள்வி சபையில் எழுந்தது. ஆலோசனை ஸ்தாபனம் ஒன்றை அமர்த்தி, செலவையும் சாத்தியத்தையும் ஒப்பிட்டு அறிக்கை பெற்றார்கள்.

அக்காலத்தில் 14,000 கணிப்பொறிகள் மைக்ரோசாப்டின் வியாபாரத்தில் ஒரு துளியே. ஆயினும், ஜெர்மனியின் மூன்றாவது பெரிய நகரம் போன வழியே மற்ற நகரங்களும் போகக்கூடும் என்பதால், அந்த ஸ்தாபனம் இதைச் சிறிய விஷயமாக எண்ணவில்லை. 2003-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்விட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விளையாட்டுக்காக விடுமுறையில் வந்திருந்த அதன் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர், விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மியூனிக்குக்கு வந்து, மேயர் கிறிஸ்டியன் ஊடே அவர்களை நேரில் சந்தித்தார். விலையும் பெருமளவு குறைக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பின்னும், அவ்வாண்டு மே மாதம் 28-ஆம் தேதி கூடிய நகரசபை, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவதென்று பெரும்பான்மையாக வாக்களித்தது. செலவு ஒன்றையே பார்த்திருந்தால் குறைத்த விலையை ஏற்றுக்கொண்டிருக்கலாம். எதிர்காலத்தில் எந்த ஒரு வியாபாரியின் அறிவிப்புக்கும் நகர நிர்வாகம் கட்டுப்பட்டு நிற்கலாகாது என்பதே பெரும்பான்மையோரின் அபிப்பிராயமாக இருந்தது.

லினக்ஸின் பூர்வோத்தரத்தை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்வது அவசியம். மென்பொருளின் மூல நிரலை வாங்கியவர் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்ற கொள்கையோடு, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983-ஆம் ஆண்டில் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை உலகுக்கு வெளியிட்டு, பின்னர் அதை ஸ்டால்மன் வகுத்த பொது உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து ஒரு முழு இயங்குதளம் உருவாயிற்று. இதில் ஜெர்மானியரின் பங்கும் குறைந்ததன்று. கேடிஈ என்ற திரைச்சூழலை 1996-ஆம் ஆண்டில் தொடங்கியவர் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவரான மத்தியாஸ் எட்ரிக். கடிதமும் கணக்கும் எழுதுவதற்கு உரிய ஓபன் ஆபீஸ், லூனெபர்க் நகரத்தில் பிறந்த ஸ்டார் ஆபீஸ் என்ற மென்பொருளின் வாரிசு. 1999-ஆம் ஆண்டில் அதை விலைக்கு வாங்கிய சன் என்ற கணிப்பொறி ஸ்தாபனம் மறு ஆண்டே அதன் மூல நிரலைப் பொதுவாக்கிவிட்டது. ஆகையால், நகரத்தின் பணம் தூரதேசத்து உரிமக் கட்டணமாகப் போவதைக் காட்டிலும் உள்ளூர் நிபுணர்களின் ஊதியமாகச் செலவாவது மேல் என்று சபையினர் வாதித்தபோது, அந்த வாதத்துக்கு ஆதாரம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் விரிவான திட்டம் சபையின் சம்மதத்தைப் பெற்றது. லினக்ஸ் என்ற பெயரையும் மியூனிக் என்ற பெயரையும் பிணைத்து அதற்கு லிமக்ஸ் என்று பெயர் சூட்டினார்கள். ஐரோப்பாவில் அப்போது விவாதிக்கப்பட்டுவந்த மென்பொருள் காப்புரிமைச் சட்டத்தால் ஆபத்து நேருமோ என்ற ஐயத்தால் அவ்வாண்டு ஆகஸ்டில் வேலை சிறிது நின்று, சட்ட ஆலோசனை பெற்றபின் தொடர்ந்தது. 2005-ஆம் ஆண்டில் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு அடித்தளமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அதன் கிளையான உபுண்டுவுக்கு மாறினார்கள். 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் உத்தியோகஸ்தர்களின் மேஜைக்கு லிமக்ஸ் வந்து சேர்ந்தது.

இதற்குப் பின் நடந்த வேலையே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. இயங்குதளத்தை நிறுவுவது ஒரு கணிப்பொறிக்கு ஒரு மணி நேர வேலை. ஆனால், பழைய தளத்தின்மேல் பல ஆண்டுகளாகத் துறைதோறும் வளர்ந்து கிடந்தவற்றை என்ன செய்வது? ஒவ்வொரு துறையும் தன் கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் தனித்தனி வார்ப்புருக்களை வைத்திருந்தது. அவற்றுக்குள்ளே தானாக இயங்கும் குறுநிரல்களை யாரோ ஓர் ஊழியர் எப்போதோ எழுதி வைத்திருப்பார். எழுதியவர் வேறிடம் மாறிப் போயிருப்பார். அந்நிரலோ அன்றாட வேலைக்கு இன்றியமையாததாகியிருக்கும். நகரத்தின் கணிப்பொறி நிர்வாகமும் ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நிர்வாகக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு வழக்கம். எங்கே என்ன இருக்கிறது என்ற முழுக்கணக்கை ஒருவரும் அதுவரையில் எடுத்ததில்லை. மாற்றம் வந்திராவிட்டால் அந்தக் கணக்கை எடுக்க வேண்டிய அவசியமே தோன்றியிராது.

இச்சிக்கலைத் தீர்க்க நகரசபையின் நிபுணர்களே வோல்மக்ஸ் என்ற துணை மென்பொருளை இயற்றினார்கள். முட்டையும் இட்டு, கம்பளியும் தந்து, பாலும் கறக்கும் பன்றி என்று, எல்லாம் செய்யவல்ல பொருளைச் சுட்ட ஜெர்மானியர் வழங்கும் ஒரு சொல்லிலிருந்து அந்தப் பெயரை அமைத்தார்கள். ஓபன் ஆபீஸோடு சேர்ந்து இயங்கும் அது, கடிதம் எழுதும் உத்தியோகஸ்தரின் பெயர், பதவி, தொலைபேசி எண் முதலிய விவரங்களைப் பொது ஏட்டிலிருந்து தானே எடுத்து நிரப்பும். சிதறிக் கிடந்த வார்ப்புருக்களை ஓரிடத்தில் திரட்டி, படிவங்களை நிரப்புவதையும் எளிதாக்கும். 2008-ஆம் ஆண்டில் அதை உலகில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார்கள். ஆவணங்களைத் திறந்த வடிவத்தில், அதாவது எந்த ஸ்தாபனத்தின் மென்பொருளாலும் படிக்கத்தக்க ஓடிஎப் வடிவத்தில் சேமிப்பது வழக்கமாயிற்று. 2006-ஆம் ஆண்டிலேயே அது சர்வதேசத் தரமாக அங்கீகாரம் பெற்றிருந்தது. முதலில் பழைய விண்டோஸின்மேலேயே ஓபன் ஆபீஸைப் பழக்கி, கை பழகிய பின் அடியிலுள்ள தளத்தை மாற்றியது அவர்கள் கையாண்ட உபாயம். விண்டோஸில் மட்டுமே இயங்கும் சில விசேஷ மென்பொருள்களுக்காகத் தனி ஏற்பாடுகள் செய்துகொண்டார்கள்.

முதலில் வகுத்த காலத்தைவிடச் சில ஆண்டுகள் பிந்தி, 2013-ஆம் ஆண்டு இறுதியில் திட்டம் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. நடைமுறைக்கென வகுத்த இலக்கு 12,000 கணிப்பொறிகளே ஆயினும், 14,800-க்கு மேற்பட்டவை மாறியிருந்தன. இந்த மாற்றத்தால் 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சமாயிற்று என்று நகர நிர்வாகம் 2012-ஆம் ஆண்டில் கணக்குக் காட்டியிருந்தது. தம் காரியாலயத்தை மாற்றியதோடு அமையாமல், தம் பிரஜைகளின் வீடுகளையும் அவர்கள் நினைத்தார்கள். 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பராமரிப்பு நிற்கவிருந்த தருணத்தில், பழைய கணிப்பொறியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களும் புதிது வாங்க வசதியில்லாதவர்களும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று, எளிய கணிப்பொறிக்கும் ஏற்ற லுபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை 2,000 குறுந்தகடுகளில் பதித்து, நகர நூலகங்களின் வாயிலாக இலவசமாக வழங்கினார்கள். பத்தாண்டுகளுக்கு முன் தமக்கு நேர்ந்த நிர்ப்பந்தம் தம் பிரஜைகளுக்கும் நேர்ந்தபோது, தாம் கண்ட வழியை அவர்களுக்கும் காட்டிய இச்செயலை எண்ணுந்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

2014-ஆம் ஆண்டில் இருபதாண்டுக்கு மேல் மேயராக இருந்த ஊடே ஓய்வு பெற, அவருடைய கட்சியைச் சேர்ந்த டீட்டர் ரைட்டர் மேயரானார். ஊழியர்களிடையே குறைகள் பேசப்பட்டன: மென்பொருளின் பதிப்புகள் காலத்தே புதுப்பிக்கப்படவில்லை, வெளியிலிருந்து வரும் ஆவணங்கள் சில சமயம் உருமாறித் தெரிகின்றன, பழுது என்று சொன்னால் தீர நாளாகிறது. நகரசபை மறுபடியும் ஆலோசகர்களை அமர்த்தி ஆராய்ந்தது. 2016-ஆம் ஆண்டில் வந்த அவர்களுடைய அறிக்கை, தொல்லைகளுக்குப் பிரதான காரணம் இயங்குதளம் அன்று, பொறுப்பு பல இடங்களில் சிதறிக் கிடக்கும் நிர்வாக அமைப்பே என்று கண்டது. ஆயினும் 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்டோஸுக்குத் திரும்ப ஏற்பாடு செய்யும்படி தீர்மானித்து, நவம்பரில் அதை உறுதியும் செய்தார்கள். நோய் நிர்வாகத்தில் இருக்க, மருந்து இயங்குதளத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதே என் துணிபு.

மற்ற இடங்களின் அனுபவத்தை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். ஆஸ்திரியாவின் வியன்னா நகரம் 2005-ஆம் ஆண்டில் வியனக்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பைத் தன் ஊழியர்களுக்கு அளித்தது. மழலையர் பள்ளிகளில் பயன்பட்ட ஒரு மொழிச் சோதனை மென்பொருள் மைக்ரோசாப்டின் உலாவியில் மட்டுமே இயங்கியமையால், அக்கணிப்பொறிகள் பழைய வழிக்கே திரும்ப நேர்ந்தது. ஒரே ஒரு மென்பொருள் ஒரு கொள்கையையே வழிமறிக்க வல்லது என்பதற்கு இது சான்று. இதற்கு மாறாக, பிரான்ஸ் தேசத்தின் ஜாந்தார்மெரி என்ற காவற்படை, 2005-ஆம் ஆண்டில் ஓபன் ஆபீஸையும், அதன்பின் பயர்பாக்ஸ் உலாவியையும் தண்டர்பேர்டு அஞ்சல் மென்பொருளையும் பழக்கத்துக்குக் கொண்டுவந்து, எல்லாரும் அவற்றில் தேர்ந்த பின்பு 2008-ஆம் ஆண்டு முதல் இயங்குதளத்தை மாற்றத் தொடங்கிற்று. பல்லாயிரக்கணக்கான கணிப்பொறிகளில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. படிப்படியாகச் செல்லும் உபாயத்தை மியூனிக்கும் அறிந்தே இருந்தது. வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது: காவற்படையின் கணிப்பொறிகளுக்கு ஒரே நிர்வாகம், மாற்றியவர்களே பேணவும் செய்தார்கள். மியூனிக்கில் மாற்றியது ஒரு குழு. பேணும் பொறுப்போ பல துறைகளுக்கும் பிரிந்து கிடந்தது.

மியூனிக்கின் முயற்சி வீணாயிற்று என்று சொல்வது நியாயமன்று. 2020-ஆம் ஆண்டில் அந்நகரத்தின் புதிய கூட்டணி, பொதுப்பணத்தால் இயற்றப்படும் மென்பொருள் இயன்றவரை பொதுவுடைமையாகவே இருக்கவேண்டும் என்று தன் உடன்படிக்கையில் எழுதிற்று. 2024-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம், ஏறக்குறைய 30,000 கணிப்பொறிகளை, முதலில் ஓபன் ஆபீஸின் கிளையான லிப்ரே ஆபீஸுக்கும் பின்னர் லினக்ஸுக்கும் மாற்றத் தீர்மானித்தது. முன் சென்றவர் இடறிய இடத்தை அறிந்து பின் வருபவர் காலை எடுத்து வைப்பது உலக இயல்பு.

தம் கணிப்பொறியின் இயங்குதளத்தை மாற்ற எண்ணும் வாசகர்களுக்கு இச்சரித்திரத்திலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான். புதிய தளத்தை நிறுவுவதற்கு முன், ஒரு நாள் உட்கார்ந்து, உங்கள் கோப்புகள் எந்த வடிவத்தில் இருக்கின்றன, உங்கள் வேலைக்கு இன்றியமையாத மென்பொருள்கள் எவை, அவற்றுள் எது புதிய தளத்தில் இயங்காது என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். கோப்புகளைத் திறந்த வடிவத்துக்கு மாற்றி, புதிய மென்பொருள்களைப் பழைய தளத்திலேயே சில மாதம் பழகுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்றிய பின் அதைப் புதுப்பித்துப் பேணப்போவது யார் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாற்றுவது ஒரு நாள் காரியம். பேணுவது நித்திய காரியம்.