காப்புரிமை கோரப்பட்டுள்ளது

மின்கிதாரின் பிக்கப் என்பது ஒரு காந்தமும் அதையொட்டிச் சுற்றப்பட்ட செம்புக் கம்பியும்தான். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. அந்த அசைவு கம்பிச்சுருளில் மின்னோட்டமாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதை ஒலியாக்குகிறது. இவ்வளவு எளிய ஒரு பொருளைப் பற்றி இசைக்கலைஞர்களிடையே பல பத்தாண்டுகளாக ஓயாத வழக்கு ஒன்று நடந்துவருகிறது. 1950களின் இறுதியில் செய்யப்பட்ட ஹம்பக்கர் பிக்கப்பின் ஒலியை, இன்று விற்கப்படும் நகல்களுள் எது சரியாகத் தருகிறது என்பதே அவ்வழக்கு. எந்த நகல் மூலத்துக்கு நெருக்கமானது என்று கேட்கும் முன், மூலம் எது என்று கேட்டுக்கொள்வது நல்லது என நாம் கருதுகிறோம். பழஞ்சுவடிகளின் பாடபேதங்களைப் பற்றிப் பேசிப் பழகிய நண்பர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல.

ஒற்றைச் சுருள் பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை. அருகிலுள்ள மின்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றின் புலத்தையும் உள்வாங்கி ஓயாமல் இரையும். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸிலும் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸிலும் ஓடும் மின்சாரத்தின் இரைச்சல் அது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், 1946 முதல் பயன்படுத்திய தன் பி-90 பிக்கப்பிலும் இக்குறையைக் கண்டது. அதே ஊரில் 1910இல் பிறந்த சேத் லவர் என்னும் மின்னணுப் பொறியாளர் 1955இல் ஒரு தீர்வை வடிவமைத்தார். இரண்டு சுருள்கள், ஒன்றன் காந்தமுனைக்கு மற்றதன் முனை எதிர், இணைப்பும் எதிர். காந்தத்தைச் சாராமல் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒருமுறை மட்டும் தலைகீழாகி, தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. தந்தியின் ஒலியோ இருமுறை தலைகீழாவதால் கூடி வலுக்கிறது. எதிர்ச்சுருளால் இரைச்சலை நீக்கும் கருத்து முன்பே இருந்ததுதான். அதைச் செம்மையான கிதார் உறுப்பாக்கியது லவரின் சாதனை. காப்புரிமைப் படத்தில் தந்திக்கொன்றாகத் திருகும் திருகாணிகள் இல்லை. விற்பனைப் பிரிவினருக்குப் பேச ஏதேனும் வேண்டியிருந்ததால் அவை சேர்க்கப்பட்டன என்று பிற்காலத்தில் லவரே கூறியிருக்கிறார்.

1955 ஜூன் 22 அன்று விண்ணப்பம் அளிக்கப்பட்டது. காப்புரிமை கிடைத்ததோ 1959 ஜூலை 28 அன்று. இதற்கிடையில் கிரெட்ச் கிதார்களுக்காக இதே கொள்கையில் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை உருவாக்கிய ரே பட்ஸ், 1957 ஜனவரியில் விண்ணப்பித்து, லவருக்கு ஏறத்தாழ நான்கு வாரங்கள் முன்னதாகவே தம் காப்புரிமையைப் பெற்றுவிட்டார். கிப்சனோ 1957 முதல் தன் லெஸ் பால் கிதார்களில் புதிய பிக்கப்பைப் பொருத்தி, அதன் அடியில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்ற பொருள்படும் ஆங்கில ஒட்டுத்தாளை ஒட்டியது. அவ்வாசகத்தின் முதலெழுத்துகளே பி.ஏ.எஃப். என்ற பெயராயின. காப்புரிமை கிடைத்த பின்னும் 1962 வரை ஒட்டுத்தாள் மாறவில்லை. மாறியபோது அதில் அச்சான 2737842 என்ற எண், லெஸ் பால் என்ற கலைஞர் தந்தி தாங்கும் பாகமொன்றுக்குப் பெற்ற காப்புரிமைக்கு உரியது! போலி செய்வோரைத் திசைதிருப்பவே இவ்வாறு செய்தனர் என்று பலர் கருதுகின்றனர்.

இனி மூலத்தைத் திறந்து பார்ப்போம். எனாமல் பூசிய 42 கேஜ் கம்பி, சுருளுக்குச் சுமார் 5,000 சுற்று என்பது கணக்கு. ஆனால் கணக்கு துல்லியமாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. ஒரு சுருளில் கூடுதலும் மறுசுருளில் குறைவும் விழுந்தன. மின்தடை 7 முதல் 9 கிலோ ஓம் வரை வேறுபட்டது. அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தங்களில் 2, 3, 4, 5 என எந்த வகை கைவசமிருந்ததோ அது இடப்பட்டது. ஆக, ஒரே நாளில் செய்த இரண்டு பிக்கப்புகளே ஒன்றுபோல் ஒலித்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இரு சுருள்களும் சமமாக இருந்தால்தான் இரைச்சல் முற்றிலும் அழியும். லவர் விரும்பியது அதுவே. சமமில்லாதபோது சிறிது இரைச்சல் எஞ்சுகிறது. கூடவே மேல்சுரங்களில் ஒரு கூர்மையும் எஞ்சுகிறது. பின்வந்தோர் போற்றியது இக்கூர்மையையே. அன்று அதைப் போற்ற ஆளில்லை. விற்பனை மந்தமானதால் 1960உடன் அந்த லெஸ் பால் வடிவம் நிறுத்தப்பட்டது. 1966இல் ஜான் மேயலின் குழுவில் எரிக் கிளாப்டன் அத்தகைய பழைய கிதாரொன்றை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் முழக்கிய இசைத்தட்டு வெளியான பின்னரே தேடல் சூடுபிடித்தது. 1968இல் கிப்சன் அக்கிதாரை மீண்டும் செய்யத் தொடங்கியபோது பிக்கப்புகள் ஒழுங்குபட்டிருந்தன. ரசிகர்களோ ஒழுங்கற்றவற்றைத் தேடிக்கொண்டிருந்தனர்.

நகல்களை இந்த வெளிச்சத்தில் ஒப்பிடலாம். கிப்சனின் '57 கிளாசிக்' சமமான சுருள்களும் அல்நிகோ 2 காந்தமும் கொண்டு, மெழுகில் தோய்த்தெடுக்கப்பட்டது. உருண்டு திரண்ட, இதமான ஒலி. அதே நிறுவனத்தின் 'பர்ஸ்ட்பக்கர்' வேண்டுமென்றே சமமற்ற சுருள்களுடன், மெழுகின்றிச் செய்யப்படுவது. விளிம்பு தெரியும் ஒலி. சீமோர் டங்கன் நிறுவனத்தின் '59' அல்நிகோ 5 காந்தத்தால் கீழ்ச்சுரங்களை இறுக்கிப் பிடிக்கிறது. மெழுகு என்பது வெறும் சடங்கல்ல. அது இல்லாத சுருள் உரத்த ஒலியில் தானே அதிர்ந்து வீரிடும். பழைய பிக்கப்புகளில் மெழுகு இல்லை. எனவே மேடையில் உரக்க வாசிப்பவருக்கு மெழுகிட்டதும், வீட்டில் நுட்பம் தேடுபவருக்கு மெழுகற்றதும் பொருந்தும் என்பது நம் எண்ணம். மின்தடை எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது வீண். பிக்கப்பின் உயரத்தைத் திருகாணியால் சற்று மாற்றினாலே ஒலி வெகுவாக மாறுவதைக் கேட்கலாம்.

இவை ஒவ்வொன்றும் மூலத்தின் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டவை. பொய்யானது என்று எதையும் தள்ள இயலாது. முழுமையான மூலம் என்று எதையும் கொள்ளவும் இயலாது. '57 கிளாசிக்' லவரின் நோக்கத்தை நகலெடுக்கிறது. 'பர்ஸ்ட்பக்கர்' தொழிற்சாலையின் தற்செயலை நகலெடுக்கிறது.

லவர் 1967இல் கிப்சனை விட்டு ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சென்றார். கலமசூ தொழிற்சாலையைக் கிப்சன் 1984இல் மூடியது. அவரது காப்புரிமை நிறுவனத்தின் பேரிலேயே இருந்தது. புகழ்பெற்ற அந்த ஒட்டுத்தாளில் அவர் பெயர் ஒருநாளும் இடம்பெறவில்லை. 1994இல் சீமோர் டங்கன் அவரையே துணைகொண்டு, மெழுகிடாத, அல்நிகோ 2 காந்தமுள்ள ஒரு பிக்கப்பைச் செய்து 'சேத் லவர்' என்று பெயரிட்டார். அப்போது லவருக்கு 84 வயது. மூன்றாண்டுகள் கழித்து, 1997இல் அவர் மறைந்தார்.