செங்கல்பட்டுச் சீமையின் கடிதக் கட்டுகள்: கேட்கப்பட்டவரும் கேட்கப்படாதவரும்

சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் 1990களில்தான் கண் விழிக்கின்றன. 1996இல் ஹூண்டாய், 2006இல் நோக்கியா, பிறகு மற்றவை. அதற்கு முன் இங்கே ஏரியும் வயலும் தவிர வேறொன்றும் இல்லை என்பதுபோல ஒரு பேச்சு. ஆனால் கும்பினிக் காலத்தில் மிக விரிவாக எழுதிவைக்கப்பட்ட சீமைகளுள் செங்கல்பட்டு ஜாகீர் ஒன்று. அந்த எழுத்துகளைப் படித்த அறிஞர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை. கோட்பாட்டு வேறுபாட்டை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்வது போதாது. அவரவர் எந்தக் கட்டை அவிழ்த்தார்கள், அந்தக் கட்டிலுள்ள கடிதங்கள் யாரை நோக்கி எழுதப்பட்டவை என்பதே முதற்காரணம் என்பது என் வாதம்.

ஆற்காட்டு நவாப் முகம்மது அலி 1763இல் இந்தச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு இதை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிய கணக்குகளே அவருக்கு அடிப்படை. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓலைகளைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் காத்துவருகிறது. ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எவ்வளவு விளைச்சல், களத்தில் கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் போகும் மேரை எவ்வளவு என்று அவை சொல்கின்றன. காந்திய வரலாற்றாய்வாளர் தரம்பாலின் வழியில் வந்த ஜே.கே. பஜாஜும் எம்.டி. சீனிவாசும் இவற்றிலிருந்து செழிப்பும் பகிர்வும் மிக்க ஒரு சமூகத்தை வரைந்தார்கள். அந்தச் சித்திரத்தை ஒதுக்கித் தள்ள முடியாது. விளைச்சல் கணக்கு பொய் சொல்லவில்லை. ஆனால் மேரைக் கணக்கு, நெல் யாருக்குப் போனது என்பதைச் சொல்லுமே தவிர, அதைப் பெற்றவன் அந்த ஊரைவிட்டுப் போக முடியுமா என்பதைச் சொல்லாது. அந்தக் கேள்வியை எந்தக் கணக்கரிடமும் யாரும் கேட்கவில்லை.

அடுத்த கட்டு லயனல் பிளேசுடையது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த அவர் வரியை உயர்த்த முனைந்தபோது பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் எதிர்த்து நின்றார்கள், மனுக்கொடுத்தார்கள். எல்லாம் சென்னைத் துபாஷிகளின், அதாவது மொழிபெயர்ப்புத் தரகர்களின், தூண்டுதல் என்று பிளேஸ் மேலிடத்துக்கு எழுதினார். (போராட்டம் என்றாலே வெளியாள் வேலை என்று எழுதும் அதிகார நடைக்கு வயது அதிகம்.) யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல் இந்தக் கடிதப் போக்குவரத்தை ஓர் உரையாடலாக வாசித்தது. காலனிய அறிவை வெள்ளையர் மட்டும் உண்டாக்கவில்லை, உள்ளூராரும் சேர்ந்தே உண்டாக்கினார்கள் என்பது அவர் முடிவு. மிராசு உரிமை பற்றி அரசு விடுத்த பதினேழு கேள்விகளுக்குச் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் அளித்த, 1818இல் அச்சேறிய விடைகளில் அவருடைய சிரஸ்தார் சங்கரய்யாவின் பங்கைப் பார்த்தால் இர்ஷிக் சொல்வது புரியும். ஆயினும் அந்த உரையாடலில் வாய் திறந்தவர்கள் கலெக்டரும் சிரஸ்தாரும் மிராசுதாரரும்தான். மிராசுதாரர் நிலத்தில் உழைத்த படியாள் அங்கே பேசுபொருள், பேசுபவன் அல்லன்.

படியாளைப் பற்றிய எழுத்து வேறு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வில்லியம் கௌடி ஆகிய மிஷனரிகள் தங்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத பறையர்களின் நிலை இடம்பெற்றது. கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கைக்கும், பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த 1892ஆம் ஆண்டு அரசாணைக்கும் பின்னணி இதுவே. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூலில் அரசுக் கோப்புகளோடு மிஷன் கடிதங்களையும் வைத்துப் படித்தார். பர்னார்டு கட்டில் மேரை வாங்குபவனாக மட்டும் தெரிந்த மனிதன் அங்கே அடிமையாகத் தெரிந்தான்.

மிஷன் கடிதம் கலப்பற்ற சாட்சி என்று சொல்ல வரவில்லை. மதம் மாறியோர் எண்ணிக்கையும் நன்கொடை தருபவரின் மனமும் அதற்குள் உண்டு. அரசு கேட்காத கேள்வியை வேறொருவர் கேட்டார் என்பதே அதன் மதிப்பு. ஆய்வின் பன்மைக்குப் பல ஆய்வாளர் இருந்தால் மட்டும் போதாது; பல முகவரிகளுக்குப் போன கடிதங்கள் காக்கப்பட்டிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை இன்றைய சுங்குவார்சத்திரத்துக்கு வைத்துப் பார்க்கலாம். தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புக்கென்று தமிழகம் 1997இல் இயற்றிய சட்டம், நிலத்தின் உடைமையாளருக்கும் அதில் உரிமைத் தொடர்புடையவருக்கும் அறிவிப்பு அனுப்பி ஆட்சேபம் கேட்கச் சொல்கிறது. அவர்கள் பதில் எழுதுகிறார்கள், கோப்பில் சேர்கிறது. அதே நிலத்தில் நாற்று நட்ட கூலியாளுக்கு அறிவிப்பு போவதில்லை. ஆகவே பதிலும் இல்லை. 2224ஆம் ஆண்டு ஆய்வாளர் அந்தக் கோப்பை மட்டும் படித்தால், பர்னார்டின் வாசகர் நின்ற இடத்திலேயே நிற்பார்.

தொழிலாளர் கடிதங்களின் கதியும் நிச்சயமற்றதுதான். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தின் சாம்சங் ஆலையில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் நீண்ட வேலைநிறுத்தத்தின் நடுவே இருந்தது ஒரு விண்ணப்பம்: தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யக் கோரும் மனு. உயர் நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. அந்த மனு, ஆட்சேபக் கடிதங்கள், சமரசப் பேச்சுக் குறிப்புகள், பந்தலில் ஒட்டிய துண்டறிக்கைகள், தொழிலாளர் கைப்பேசியில் அனுப்பிக்கொண்ட செய்திகள் ஆகியவற்றில் அரசுக் கோப்புக்குள் நுழைபவை சிலவே. கோப்புக்கும் ஆயுள் உண்டு. காலக்கெடு முடிந்தால் கழிவுக்குப் போகும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இதைத் தொழிலாளர் துறையிடமோ நிறுவனங்களிடமோ விட்டுவிடக் கூடாது. சங்க அலுவலகங்கள், நிலமிழந்த குடும்பங்கள், பெண் தொழிலாளர் விடுதிகள் ஆகியவற்றிலிருந்து, எழுதியவரின் ஒப்புதலோடும் பெயர் மறைக்கும் ஏற்பாட்டோடும், கடிதங்களைச் சேகரிக்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.