கவலை மிகுவது ஈமானின் குறைவா? வரலாறு தரும் விடை



வத்தலக்குண்டை அடுத்த சேவுகம்பட்டி போன்ற நம் சிற்றூர்களில் கவலைக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மழை பொய்த்தால் கவலை. வளைகுடாவில் இருக்கும் மகன் ஒருநாள் பேசாவிட்டால் கவலை. மகளின் நிக்காஹ் தள்ளிப்போனால் கவலை. இவை மனித இயல்பு. ஆனால் மழை பெய்த பின்னும், மகன் பேசிய பின்னும் அடங்காமல், கவலை வேறொன்றைப் பற்றிக்கொண்டு இரவுத் தூக்கத்தைப் பறித்தால்? அந்தத் தாயிடம் நாம் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "ஈமான் பலமாக இருந்தால் இப்படி வருமா?"

இந்தக் கேள்வி நம் முன்னோருடையதன்று. யூஸுஃப் நபியைப் பிரிந்த துயரில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் பூத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. அவர்களின் ஈமானில் குறை காண்போர் உண்டா? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் ஓதி வந்தார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள்.

இவ்வழியில் வந்தவரே அபூ ஸைத் அல்பல்கி. இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் ஏறத்தாழ 850இல் பிறந்து 934இல் மறைந்த பேரறிஞர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் ஒரு பகுதியை உடலுக்கும் மறு பகுதியை உள்ளத்துக்கும் ஒதுக்கினார். உடல் நோயுறுவதுபோல் உள்ளமும் நோயுறும். ஒன்று நலிந்தால் மற்றதும் நலியும் என்பது அவர் கொள்கை. சினம், அச்சம், துயரம், மனத்தை அரிக்கும் வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். வெளிக்காரணம் தெரியும் துயரையும், காரணம் புலப்படாமல் உடலிலிருந்தே எழும் துயரையும் பிரித்துக் காட்டினார்.

அவர் கூறிய மருத்துவம் இரு வகை. ஒன்று, பிறரின் அறிவுரையும் ஆறுதலும். மற்றொன்று, நம் சிந்தனையை நாமே திருத்துதல். உடல்நலத்துடன் இருக்கும்போதே மருந்தை வாங்கி வைப்பதுபோல், மனம் அமைதியாய் இருக்கும்போதே தெளிந்த எண்ணங்களைச் சேமித்துவைத்து, கலங்கும் நேரத்தில் எடுத்தாளச் சொன்னார். அஞ்சுவதை நெருங்கிப் பார்த்தால் அது நினைத்த அளவுக்குப் பெரிதன்று என்றும் விளக்கினார்.

ஓயாத கவலையை அமெரிக்க உளமருத்துவக் கையேடு தனி நோயாகப் பிரித்துப் பெயரிட்டது 1980இல்தான். ஆறு மாதங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், கட்டுக்கடங்காத கவலையோடு தூக்கமின்மை, களைப்பு, தசை இறுக்கம், எரிச்சல், கவனக்குறைவு போன்றவை சேர்ந்து அன்றாட வாழ்வைக் கெடுத்தால் அது பதற்ற நோயாக இருக்கலாம். உளவியல் ஆலோசனையாலும், தேவைப்பட்டால் மருந்தாலும் இதைக் கட்டுப்படுத்த முடியும்.

இந்த மரபை நாம் மறந்ததன் விலை என்ன? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி, 28 பேர் உயிரிழந்தனர். அவர்களின் நோய் கடுமையானது. நம் வீட்டுக் கவலை அவ்வளவு பெரிதன்று. ஆயினும் உள்ளத்தின் நோயை நோயென்று ஏற்காத மனப்போக்கு இரண்டிலும் ஒன்றே. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துவிட்டது. நம் நாவு பூட்டும் சங்கிலியை நாமே அவிழ்க்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் ஒருவர் ஓயாமல் கலங்கினால் முதலில் இடைமறிக்காமல் கேட்போம். தொழுகையும் திக்ரும் துஆவும் நெஞ்சுக்கு ஆறுதல். அவற்றை விடாமல், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்வோம். வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணன்று. நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று நம்புவதும் ஈமானே.

கலங்கிய உள்ளங்களுக்கு அல்லாஹ் அமைதியையும், அவர்களுடன் வாழும் நமக்குப் பொறுமையையும் அருள்வானாக! ஆமீன்.