உலக வரைபடத்தின் மீது எழுதப்பட்ட இலக்கணம்

1859ஆம் ஆண்டு. எடோ நகரிலிருந்து (இன்றைய டோக்கியோ) ஓர் இளைஞர் நள்ளிரவில் கிளம்பி யோகோஹாமாவுக்கு நடக்கிறார். அந்தத் துறைமுகம் அப்போதுதான் அன்னியருக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. இளைஞரின் பெயர் ஃபுகுஸாவா யுகிச்சி, வயது இருபத்துநான்கு. நாகசாகியிலும், பின்னர் ஒஸாகாவில் ஒகாதா கோஅன் என்ற மருத்துவரின் பள்ளியிலும் ஆண்டுக்கணக்காக டச்சு மொழி பயின்றவர். எடோவில் அதே மொழியைக் கற்பிக்கவும் தொடங்கியிருந்தார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஜப்பானுடன் வணிகம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே ஐரோப்பியர் டச்சுக்காரர்கள்தாம். எனவே மேற்கத்திய அறிவு என்றாலே டச்சு மொழி என்றிருந்த காலம்.

யோகோஹாமாவில் அவர் பேசியது எவருக்கும் புரியவில்லை. அவர்கள் பேசியது அவருக்கும் புரியவில்லை. கடைப் பலகைகளையும் புட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளையும் அவரால் வாசிக்க இயலவில்லை. எழுதிக் காட்டினால் ஓரளவு டச்சு புரிந்துகொள்ளும் ஜெர்மானிய வணிகர் ஒருவர் மட்டும் அகப்பட்டார். அன்று நள்ளிரவு வீடு திரும்பியபோது அவர் ஒரு முழு நாளை நடையில் கழித்திருந்தார். தம் இளமை முழுவதையும் தவறான மொழிக்குச் செலவிட்டுவிட்டோம் என்ற எண்ணமே கால்வலியைவிடக் கடுமையாக இருந்தது என்று தன்வரலாற்றில் சொல்கிறார். மறுநாளே ஆங்கிலம் கற்பது என்று முடிவெடுத்தார்.

நவீன ஜப்பானின் அறிவு வரலாற்றில் இந்த நடைக்கு ஒரு தொன்மக்கதையின் இடம் உண்டு. அந்த முடிவுக்குப் பின் நடந்தவற்றில்தான் எனக்கு ஆர்வம். ஆசிரியரும் அகராதியும் இல்லாத நிலையில் ஒரு தலைமுறை எப்படி ஆங்கிலம் கற்றது? எந்த நூல்களைக் கொண்டு கற்றது? இக்கேள்விகளுக்கான விடை இலக்கிய வாசகனுக்கும் சில வியப்புகளை வைத்திருக்கிறது.

*

அகராதி தேடி ஃபுகுஸாவா அரசின் மேலைநூல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அகராதியை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்றார்கள். ஒரே நாளில் விலகிக்கொண்டார். பிறகு தம் சிற்றரசை வேண்டி, ஐந்து ர்யோ விலையில் ஹோல்ட்ராப்பின் ஆங்கில–டச்சு அகராதியை வாங்கச் செய்தார். உச்சரிப்பை அறிய நாகசாகியிலிருந்து வந்த ஒரு சிறுவனைத் தேடிப்போனார். கப்பல் சேதத்தில் அன்னிய நாட்டில் கரையொதுங்கி ஊர் மீண்ட மீனவர்களிடமும் கேட்டார். டச்சு வீண்போகவில்லை என்பது மெல்லத்தான் தெரிந்தது. நீந்தக் கற்றவன் இனி மரமேறக் கற்க வேண்டும் போலும் என்று அஞ்சியது பிழை, இரண்டும் ஒரே நீர்தான் என்று உணர்ந்ததாக எழுதுகிறார்.

1860இல் கன்ரின் மாரு கப்பலில் ஒரு பிரபுவின் பணியாளாக சான் ஃபிரான்சிஸ்கோ சென்றார். அங்கு அவரும், சிறுவயதில் கரையொதுங்கி அமெரிக்காவில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளர் நகஹாமா மஞ்சிரோவும் ஆளுக்கொரு வெப்ஸ்டர் அகராதி வாங்கினார்கள். தந்தியோ ஆலைகளோ அவரை வியப்பில் ஆழ்த்தவில்லை. அவற்றைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தார். அவரைத் திகைக்கவைத்தது வேறொன்று. வாஷிங்டனின் வழித்தோன்றல்கள் இப்போது எங்கிருக்கிறார்கள் என்று ஒருவரிடம் கேட்டார். யாரோ ஒரு பெண் இருக்கவேண்டும், யாருக்கோ மனைவியாக இருப்பாள் என்று அக்கறையின்றி விடை வந்தது. தோகுகாவா வம்சத்தை நிறுவிய இயெயாசுவுக்கு நிகராக வாஷிங்டனை எண்ணியிருந்தவருக்கு அது நிலநடுக்கம்.

இவ்விடத்தில் மொழி கற்பது குறித்த ஓர் அடிப்படை உண்மை இருக்கிறது. 'குடியரசுத் தலைவர்' என்பதற்கு அகராதியில் பொருள் கிடைத்துவிடும். ஆனால் நாட்டை நிறுவியவனின் சந்ததியை மக்கள் மறந்துவிடலாம் என்ற செய்தி எந்த அகராதியிலும் இல்லை. சொல்லுக்குப் பின்னால் ஒரு நாடும் அதன் வரலாறும் உண்டு, அதை அறியாமல் சொல்லை மட்டும் அறிவது அறிதலே ஆகாது. 1862இல் ஐரோப்பா சென்றபோது ஃபுகுஸாவா இதையே நெறியாகக் கொண்டார். நூல்களில் உள்ளவற்றைக் கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஐரோப்பியர் எழுதத் தேவையில்லை என்று கருதும் அளவுக்கு அவர்களுக்குப் பழகிப்போன விஷயங்களையே கேட்டார். மருத்துவமனையின் செலவை யார் ஏற்கிறார்கள், தேர்தல் என்றால் என்ன, பகைவர்களான இரு கட்சியினர் ஒரே மேசையில் எப்படி உணவருந்துகிறார்கள்? இவ்விடைகளே 1866இல் வெளிவரத் தொடங்கிய 'மேற்குலக நிலவரம்' நூலாயின.

*

1867இல் இரண்டாம் முறை அமெரிக்கா சென்றவர், கையிலிருந்த பணத்துக்கெல்லாம் புத்தகம் வாங்கினார். அகராதிகள், புவியியல், வரலாறு, சட்டம், பொருளியல், கணிதம். அதுவரை ஒரே நூலை மாணவர்கள் கையால் பிரதியெடுத்துப் படித்தனர். இனி ஒவ்வொரு மாணவனும் ஒரே பதிப்பின் ஒரு பிரதியைக் கையில் வைத்திருக்கலாம். 1868 ஜூலை 4 அன்று எடோவின் உவேனோ குன்றில் உள்நாட்டுப் போரின் பீரங்கிகள் முழங்கியபோது, அவர் தம் பள்ளியான கெய்ஓ கிஜுகுவில் வேலண்டின் பொருளியல் நூலை நடத்திக்கொண்டிருந்தார். மாணவர்கள் இடையிடையே ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிப் புகையைப் பார்த்துவிட்டு வந்து அமர்ந்தனர்.

அக்காலத்தில் ஜப்பானியப் பள்ளிகளில் மிகப் பரவலாகப் புழங்கிய ஆங்கிலப் பாடநூல்களில் ஒன்று பீட்டர் பார்லியின் 'உலக வரலாறு'. பீட்டர் பார்லி ஒரு புனைபெயர். அமெரிக்கப் பதிப்பாளர் சாமுவேல் குட்ரிச் உருவாக்கிய கிழவர் பாத்திரம் அது. பார்லித் தாத்தா குழந்தைகளுக்கு ஊர் ஊராக, நாடு நாடாகக் கதை சொல்லிக்கொண்டே போவார். 1837இல் பாஸ்டனில் வெளியான இந்நூலின் முழுத்தலைப்பிலேயே 'புவியியலை அடிப்படையாகக் கொண்டது' என்ற தொடர் உண்டு. முதலில் நிலத்தைக் காட்டி, பின் அதன்மேல் நடந்த வரலாற்றைச் சொல்வது அதன் முறை.

இந்த நூலை எழுதியது குட்ரிச் அல்ல. கூலிக்கு எழுதிக்கொடுத்தவர்கள் வறுமையிலிருந்த ஓர் இளம் எழுத்தாளரும் அவருடைய தமக்கையும். ஊதியம் நூறு டாலர். நூலில் அவர்கள் பெயர் இல்லை. எழுத்தாளரின் பெயர் நதானியேல் ஹாதார்ன், தமக்கை எலிசபெத். 'ஸ்கார்லெட் லெட்டர்' வருவதற்கு இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. அமெரிக்கப் புனைவிலக்கியத்தின் முதன்மையான கை ஒன்று பெயரின்றி எழுதிய குழந்தை நூலைத்தான், ஜப்பானின் ஒரு தலைமுறை தன்னையறியாமலே எழுத்துக்கூட்டிப் படித்தது. இலக்கியச் செல்வாக்கு என்பதை நாம் மேற்கோள்களிலும் முன்னுரைகளிலும் தேடுகிறோம். அது சில வேளைகளில் இப்படி யாரும் அறியாத நிலத்தடி நீராகவும் ஓடுகிறது.

அவர்கள் வாசித்த விதமும் விசித்திரமானது. அன்று இரு முறைகள் இருந்தன. 'செய்சொகு' எனும் நேர்முறையில் அன்னிய ஆசிரியரிடம் சரியான உச்சரிப்புடன் கற்பார்கள். 'ஹென்சொகு' எனும் மாற்றுமுறையில் உச்சரிப்பைப் பற்றிக் கவலையே இல்லை, பொருள் மட்டுமே குறி. செவ்வியல் சீனத்தைத் தம் மொழியின் சொல்வரிசைப்படி வாசிக்க ஜப்பானியர் நெடுங்காலமாக ஓர் உத்தி வைத்திருந்தனர். அதையே ஆங்கிலத்தின் மீதும் ஏற்றினார்கள். ஒவ்வொரு சொல்லின் கீழும் ஜப்பானியப் பொருளும், எந்த வரிசையில் வாசிக்கவேண்டும் என்ற எண்ணும் அச்சிட்ட கைவிளக்க நூல்கள் பார்லிக்கும் வெளிவந்தன. அவற்றைக் கொண்டு தொலைவூர் மாணவன் ஒருவன் தனியாக அமர்ந்து, ஒரு சொல்லைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல், ரோமாபுரியின் வீழ்ச்சியை ஆங்கிலத்தில் படித்து முடிக்க முடியும்.

*

இந்தப் பயணத்துக்கு ஒரு விலையும் இருந்தது. அமெரிக்கப் பள்ளிகளுக்கென எழுதப்பட்ட மிட்செலின் புவியியல் நூலும் ஜப்பானில் பாடமாக இருந்தது. அது மனிதகுலத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது: காட்டு நிலை, அநாகரிக நிலை, அரைநாகரிக நிலை, நாகரிக நிலை, அனைத்துக்கும் மேலே ஒளிபெற்ற நிலை. ஆசியாவுக்கு அரைநாகரிகப் படிதான். எழுவாய் பயனிலையுடன் சேர்த்து ஜப்பானிய மாணவன் தன் நாட்டின் படியையும் கற்றுக்கொண்டான்.

1869இல் ஃபுகுஸாவா 'உலக நாடுகள் அனைத்தும்' என்ற நூலை வெளியிட்டார். ஆங்கில நூல்களிலிருந்து திரட்டிய உலகப் புவியியலை, குழந்தைகள் பாடி மனனம் செய்யும்படி ஏழு–ஐந்து அசைச் சந்தத்தில் ஜப்பானிய மொழியில் அமைத்திருந்தார். ஆசியாவில் தொடங்கி ஆப்பிரிக்கா, ஐரோப்பா, இரு அமெரிக்காக்கள், ஓசியானியா என்று செல்லும் பயணம். 1872இல் கல்விச் சட்டம் வந்தபின் அது பள்ளிப் பாடநூலாகவும் ஆயிற்று. அதன் பின்னிணைப்பிலும் அந்த ஏணி இருக்கிறது, நான்கு படிகளாக. சீனா, துருக்கி, பாரசீகம் மூன்றும் அரைநாகரிகத்துக்கு உதாரணங்கள். ஜப்பான் அந்தப் பட்டியலில் இல்லை. 1875இல் எழுதிய 'நாகரிகக் கோட்பாட்டின் சுருக்கம்' நூலில்தான் ஜப்பானையும் அந்தப் படியில் வைக்கும் துணிவு அவருக்கு வந்தது. 1885இல் அவருடைய நாளிதழில் பெயரின்றி வெளிவந்து, அவருடையதாகவே கருதப்படும் கட்டுரை, ஜப்பான் ஆசிய அண்டைநாடுகளின் கூட்டிலிருந்து விலகவேண்டும் என்றது. 1895இல் தைவானும் 1910இல் கொரியாவும் ஜப்பானின் காலனிகள் ஆயின. பாடநூல் போரை உண்டாக்கியது என்று சொல்வது எளிமைப்படுத்தல். ஆனால் ஏணியில் ஏறுவது எப்படி என்று கற்றவன், கீழே நிற்பவனை எப்படிப் பார்ப்பது என்பதையும் அதே பக்கத்திலிருந்து கற்கிறான்.

*

1883இல் பதினாறு வயது மாணவன் ஒருவன் டோக்கியோவின் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தான். சீனச் செவ்வியல் நூல்களில் ஊறியவன், ஆங்கிலத்தை வெறுத்தவன். இரண்டாம் வாசகத்துக்கு மேல் படித்திராதவனின் கையில் ஸ்விண்டனின் உலக வரலாற்றைக் கொடுத்தார்கள். முதலில் ஒன்றுமே புரியவில்லை. தான் நேசித்த சீன நூல்களையெல்லாம் விற்றுவிட்டு வெறியோடு படித்தான், பிறகு மெல்ல வெளிச்சம் வந்தது. அவன் பின்னாளில் நட்சுமே சோசெகி என்று அறியப்பட்டான்.

1900இல் அரசு உதவித்தொகையில் லண்டன் சென்ற சோசெகி, வந்திறங்கிய சில நாட்களிலேயே லண்டன் கோபுரத்தைப் பார்க்கப் போனார். 1905இல் வெளிவந்த அவருடைய 'லண்டன் கோபுரம்' அந்த ஒரு நாளின் கதை. சிறையிலடைக்கப்பட்ட இளவரசர்களும் தலை வெட்டப்படப்போகும் ஜேன் கிரேயும் கற்களின் நடுவிலிருந்து எழுந்து வருகிறார்கள். இறுதியில் விடுதி உரிமையாளர் ஒவ்வொரு மர்மத்துக்கும் சாதாரணமான விளக்கம் அளித்துக் கனவைக் கலைத்துவிடுகிறார். நூல்களின் வழியே ஒரு நாட்டை முன்னரே கண்டுவிட்டவன் அந்நாட்டின் தரையில் நிற்கும்போது நேர்வதை இதைவிடச் சிறப்பாகச் சொன்ன கதையை நான் வாசித்ததில்லை.

அதே சோசெகிதான் 1911இல் மாணவர்களின் ஆங்கிலத் திறன் சரிந்தது பற்றி எழுதியபோது யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். எங்கள் காலத்தில் வரலாறு, புவியியல், கணிதம், தாவரவியல் அனைத்தையும் ஆங்கில நூல்களிலேயே படித்தோம், அதனால் ஆங்கிலம் தானாக வந்தது. இன்று எல்லாவற்றையும் ஜப்பானிய மொழியில் கற்பிக்க முடிகிறது, ஆகவே ஆங்கிலம் குன்றுவது இயல்பு, அது வளர்ச்சியின் அடையாளம். எல்லாம் ஆங்கிலத்தில் என்ற அந்தப் பழைய நிலை ஒருவகை அவமானம், இங்கிலாந்துக்கு அடிமைப்பட்ட இந்தியாவைப் போன்ற உணர்வைத் தருவது.

இதை முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். நாம் அங்கே ஓர் எச்சரிக்கையாக, தாண்டிவந்துவிட்ட ஆபத்தின் பெயராக நிற்கிறோம். ஜப்பானியர் உலகை அறிய ஆங்கிலத்தைத் தாமே தேர்ந்தார்கள், ஐம்பதே ஆண்டுகளில் அந்த உலகைத் தம் மொழிக்குள் கொண்டுவந்து, ஆங்கிலத்தை ஒரு பாடமாகத் தள்ளிவைத்தார்கள். நமக்கு அது ஆள்பவரின் மொழியாக வந்தது, இன்றும் வாசலாகவே நிற்கிறது. வாசலையே வீடென்று எண்ணி அங்கேயே அமர்ந்துவிட்டவர்களும் நம்மில் உண்டு.

ஆனால் சோசெகியின் பெருமிதத்தை அப்படியே ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. அந்த அவமானம் இல்லையென்றால் லண்டன் கோபுரத்தின் கற்கள் அவரிடம் பேசியிருக்குமா? விற்றுவிட்ட சீன நூல்களும் புரியாமல் படித்த ஸ்விண்டனும் சேர்ந்துதான் அந்த எழுத்தாளரை உருவாக்கின. ஒரு மொழியை அதன் உலகத்தோடு கற்பவன் தன் உலகில் ஒரு பகுதியை இழக்கிறான். இழந்தது எது என்று பின்னாளில் தன் மொழியில் சொல்ல முடிந்தவனே அதை உண்மையில் கற்றவன்.