மரியா சாம்பிரானோ: நாடிழந்தவரின் மெய்யியல்

தென் ஸ்பெயினின் வேலேஸ்-மாலகாவில் 1904இல் பிறந்த மரியா சாம்பிரானோ, மத்ரிதில் ஒர்தேகா இ காசெத்திடம் மெய்யியல் பயின்றவர். 1936இல் கணவருடன் சிலி சென்றவர், பில்பாவோ வீழ்ந்த 1937 சூன் மாதத்தில், குடியரசு தோற்றுக்கொண்டிருந்த வேளையில் நாடு திரும்பினார். 1939 சனவரி இறுதியில் ஏதிலியர் கூட்டத்தோடு பிரெஞ்சு எல்லையைக் கடந்தார்.

அவ்வாண்டே மெக்சிகோவின் மொரேலியாவில் கற்பித்தபடி ‘மெய்யியலும் கவிதையும்’ நூலை வெளியிட்டார். பிளேட்டோ தம் இலட்சிய அரசிலிருந்து கவிஞர்களை விலக்கியபோது நேர்ந்த பிளவை அது ஆராய்கிறது. எல்லாவற்றையும் கருத்தால் அடக்க முயன்ற ஐரோப்பியப் பகுத்தறிவிலேயே வன்முறையின் வேரை அவர் கண்டார். மாற்றாக அவர் முன்வைத்தது ‘கவித்துவ அறிவு’: பொருளை வெல்ல முனையாது, அது தானே வெளிப்படக் காத்திருக்கும் சிந்தனை. இதனை வெறும் அழகியல் என ஒதுக்குவோர், அது போர்க்காலத்தில் உருவானதை மறக்கின்றனர். அவர் எழுதிய கவிதைகள் சிலவே. உரைநடைதான் அவரது கவிதை.

1946இல் நோயுற்ற தாயைக் காணப் பாரிசு விரைந்தார். அவர் சேருமுன்பே தாய் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். தங்கை அரசெலியின் துணைவர் மனுவேல் முன்யோசு, நாசிகளால் பிராங்கோவிடம் ஒப்படைக்கப்பட்டு 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அதன்பின் அத்தங்கையை மரியா பிரியவில்லை. உரோமிலும் யூரா மலைச் சிற்றூரிலும், 1972இல் அரசெலி இறக்கும்வரை, சேர்ந்தே வாழ்ந்தனர்.

பிராங்கோ மறைந்து 9 ஆண்டுகள் கழித்தே, 1984இல், மத்ரித் திரும்பினார். 1988இல் செர்வாந்தெஸ் விருது பெற்ற முதல் பெண்ணானார். 1991இல் காலமான அவரது உடல் வேலேஸ்-மாலகாவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.